மாடித் தோட்டத்தில் புழங்கும் சில சொற்கள்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "நீ ஒரு இருபது நிமிஷம் பேசணும்ப்பா" என்றார். எதைப் பற்றி அண்ணா என்று கேட்டேன். "போன வருஷம் ஒருத்தர் செயற்கை நுண்ணறிவு பத்திப் பேசினார். பாதிப் பேர் தூங்கிட்டாங்க. நீ செடி கொடி பத்திப் பேசு. உன் வீட்டு மாடி பூரா வெச்சிருக்கியே" என்றார். ஆகவே 2009இல் இந்தக் கல்லூரியின் சிவில் பிரிவிலிருந்து வெளியே போனவன், இன்று கத்தரிக்காய் பற்றிப் பேச வந்திருக்கிறேன். (சிரிப்பு)

2020 ஊரடங்கின்போது எனக்குத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் பை வாங்கினார்கள், விதை வாங்கினார்கள், மாடியில் வரிசையாக அடுக்கினார்கள். இன்றைக்கு அவர்கள் மாடிக்குப் போனால் வெயிலில் நைந்துபோன பைகள்தான் கிடக்கின்றன. என்ன ஆச்சு என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்கிறார்கள்: "எனக்குக் கைராசி இல்லைப்பா." கைராசி என்று ஒன்று இருப்பதாக நான் நம்பவில்லை. கோளாறு பெரும்பாலும் சொற்களில் இருக்கிறது. நம்முடைய தோட்டச் சொற்கள் எல்லாம் வயலிலும் கொல்லையிலும் பிறந்தவை. தரையில் நிற்கிற செடிக்காக, அடியில் பல அடி ஆழத்துக்கு மண் இருக்கிறது என்ற நம்பிக்கையில் சொல்லப்பட்டவை. அதே சொல் முக்கால் அடி அகலமுள்ள ஒரு பைக்குள் வரும்போது அதன் பொருள் மாறிவிடுகிறது. அது தெரியாமல் சொல்லை அப்படியே பின்பற்றுகிறவர்தான் கைராசி இல்லாதவர் ஆகிறார்.

முதல் சொல்லே 'மண்'. நர்சரியில் போய் மண் வேண்டும் என்றால் ஒரு மூட்டை செம்மண் கட்டித் தருவார்கள். தரையில் அது நல்ல மண்தான். அங்கே மண்புழு துளைபோடுகிறது, பழைய வேர்கள் மக்கி வழிவிடுகின்றன. பைக்குள் இந்த வேலையாட்கள் யாரும் கிடையாது. பத்துத் தடவை தண்ணீர் ஊற்றினால் செம்மண் இறுகி, செங்கல் அறுக்கிற பதத்துக்கு வந்துவிடும். வேருக்குத் தண்ணீர் எவ்வளவு அவசியமோ அவ்வளவு அவசியம் காற்று. ஆகவே தொட்டிக்கு வேண்டியது மண் அல்ல, கலவை. நான் போடுவது ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு தென்னை நார்க்கழிவு, ஒரு பங்கு நன்றாக மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம். நார்க்கழிவைக் கடையில் 'கோகோபீட்' என்று சொல்லி ஐந்து கிலோ கட்டியாக விற்கிறார்கள். ஊற வைத்தால் அறுபது எழுபது லிட்டர் வரை பொங்கும். அதை இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்துவிட்டுப் போடுங்கள். உப்பு இருக்கும். இன்னொன்று, அதில் சத்து என்று சொல்லும்படி எதுவும் இல்லை. "முழுக்க கோகோபீட்ல நட்டேன் சார், இலையெல்லாம் மஞ்சளாயிடுச்சு" என்று சொல்கிறவர்களுக்கு இதுதான் பதில்.

அடுத்த சொல் 'வடிகால்'. இதில்தான் கொஞ்சம் நிற்கப் போகிறேன். ஏனென்றால் தொட்டிச் செடிகள் தண்ணீர் இல்லாமல் சாவதைவிட, தண்ணீர் வடியாமல் சாவதுதான் அதிகம் என்பது என் அனுபவம்.

இதோ என் கையில் இருப்பது பாத்திரம் துலக்குகிற ஸ்பாஞ்ச். (சிரிப்பு) புதுசுதான், பயப்பட வேண்டாம். இதைத் தண்ணீரில் முக்கி எடுத்து, படுக்கை வாட்டில் பிடித்துக்கொள்கிறேன். சொட்டுகிறது, சொட்டுகிறது... நின்றுவிட்டது. இனி வடிய ஒன்றுமில்லை என்று நினைப்பீர்கள். இப்போது அதையே செங்குத்தாகத் திருப்புகிறேன். பாருங்கள், மறுபடியும் கொட்டுகிறது! நான் பிழியவில்லை. ஸ்பாஞ்சும் அதேதான், தண்ணீரும் அதேதான். மாறியது உயரம் மட்டும்.

மூன்றாம் ஆண்டில் மண் இயந்திரவியல் படித்தவர்களுக்கு இது ஞாபகம் வர வேண்டும். நுண்துளைகள் தண்ணீரைப் புவியீர்ப்புக்கு எதிராகப் பிடித்துக்கொள்ளும். துளை சிறிதாக இருந்தால் பிடிப்பு அதிகம். அதனால் எந்தத் தொட்டியிலும் வடிந்தது போக, அடியில் சில அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நிறைந்த ஒரு பட்டை நின்றே தீரும். ஓட்டை எத்தனை போட்டாலும் நிற்கும். அந்தப் பட்டையின் உயரத்தைத் தீர்மானிப்பது கலவையின் தன்மை. தொட்டி ஆழமா, ஆழமில்லாததா என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இதன் விளைவை யோசியுங்கள். ஓரடி ஆழமுள்ள பையில் அடி இரண்டு அங்குலம் சகதியாக இருந்தால் மேலே பத்து அங்குலம் வேருக்கு மிச்சம். நாலு அங்குல டப்பாவில் அதே சகதி பாதி இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இதைச் சொல்லும்போது பெரியவர்கள் சிலர் என்னோடு சண்டைக்கு வருவார்கள். தொட்டிக்கு அடியில் இரண்டு அங்குலம் செங்கல் ஜல்லி போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்பது பரம்பரையாக வரும் நம்பிக்கை. மன்னிக்க வேண்டும், அது வடிகாலுக்கு உதவாது. நுண்துளை உள்ள கலவையிலிருந்து பெரிய துளை உள்ள ஜல்லிக்குள் தண்ணீர் சும்மா இறங்காது. கலவை முழுவதும் நனைந்து நிரம்பிய பிறகுதான் இறங்கும். ஆக, ஜல்லி போட்டால் சகதிப் பட்டை ஒழிவதில்லை, ஜல்லியின் மேல் ஏறி வேருக்குப் பக்கத்தில் வந்து உட்காருகிறது. மண் வெளியே ஓடாமல் இருக்க ஓட்டையின் மேல் ஒரு ஓட்டாஞ்சில்லோ சின்ன வலைத்துண்டோ போதும். வடிகால் வேண்டுமென்றால் கலவையைத் திருத்துங்கள், ஆழமான பை வாங்குங்கள்.

இதோடு சேர்ந்து வருவதுதான் 'காய்ச்சலும் பாய்ச்சலும்'. நம் விவசாயிகள் சொல்லிவைத்த அருமையான சொல். பாய்ச்சு, பிறகு காய விடு, பிறகு பாய்ச்சு. வயலில் காய்ச்சல் என்பது சில நாட்கள். மாடியில் மே மாதத்தில் அது ஒரே நாளில் முடிந்துவிடும். கார்த்திகை மழையில் ஒரு வாரம் ஆனாலும் முடியாது. "தினமும் காலையில் ஒரு சொம்பு" என்று கணக்கு வைப்பவர்கள் ஐப்பசியில் செடியை மூழ்கடித்து, சித்திரையில் வறுத்தெடுக்கிறார்கள். விரலை இரண்டாவது கணு வரை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், அல்லது பையை லேசாகச் சாய்த்துத் தூக்கிப் பாருங்கள். கனமாக இருந்தால் தண்ணீர் இருக்கிறது. ஒரு வாரம் தூக்கிப் பார்த்தால் கைக்கே கணக்குப் பழகிவிடும். தக்காளிக் காயின் அடிப்பகுதி கறுத்து அழுகுகிறதா? சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்று முட்டை ஓட்டை நொறுக்கிப் போடுகிறார்கள். சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேரவில்லை என்பது சரிதான். ஆனால் பெரும்பாலும் மண்ணில் அது இல்லாததால் அல்ல. ஒரு நாள் வெள்ளம், ஒரு நாள் பாலைவனம் என்று தண்ணீர் ஏறி இறங்கினால், இருக்கிற சத்தும் காய்க்குப் போகாது.

கனம் என்றதும் என் தொழில் ஞாபகம் வருகிறது. தோட்டப் புத்தகங்கள் எதிலும் நான் பார்க்காத ஒரு தோட்டச் சொல் உண்டு: 'சுமை'.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு பழைய அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். மேல் மாடி வீட்டில் மழைக்காலத்தில் ஒழுகல். மாடியில் அறுபது பை வைத்திருப்பவர் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர், எழுபது வயதைத் தாண்டியவர். கணவர் போன பிறகு அந்தச் செடிகள்தான் அவருக்குத் துணை. குடியிருப்போர் சங்கத்தில், ஒரு செடிகூட மாடியில் இருக்கக் கூடாது என்று தீர்மானம் எழுதித் தயாராக வைத்திருந்தார்கள். என் கருத்து வந்ததும் கையெழுத்து. நான் படியேறும்போது அந்த அம்மா கேட்டார்: "தம்பி, நீங்க இன்ஜினீயர். நீங்களே சொல்லுங்க, என் செடியாலயா வீடு ஒழுகுது?" மேல் மாடி வீட்டுக்காரரும் விடவில்லை. "சார், என் பையன் படுக்கிற இடத்துல பக்கெட் வெச்சிருக்கோம். அதையும் வந்து பாருங்க" என்றார். அதையும் போய்ப் பார்த்தேன். அவர் சொன்னதும் உண்மைதான்.

மாடியில் மழைநீர்க் குழாயின் வாயில் சருகும் பழைய பிளாஸ்டிக்கும் அடைத்திருந்தது. அந்த மூலையில் தட்டோட்டின் இணைப்பு விட்டுப் போயிருந்தது. தண்ணீர் தேங்கி அங்கேதான் இறங்கியது. பை எதுவும் அந்தப் பக்கமே இல்லை. ஆகவே ஒழுகலுக்குச் செடி காரணமில்லை என்று எழுதிக் கொடுத்தேன். அதோடு நிறுத்தியிருந்தால் அந்த அம்மாவுக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும். ஆனால் பைகள் எல்லாம் ஸ்லாபின் நட்டநடுவில், நெருக்கமாக, முழுச் செம்மண்ணோடு நின்றன. நடுவில் ஒரு பெரிய டிரம், அதில் கறிவேப்பிலை.

கணக்கைப் பாருங்கள். ஐ.எஸ். 875, இரண்டாம் பகுதி, ஆட்கள் ஏறிப் புழங்கும் தட்டையான கூரைக்குச் சொல்லும் சுமை சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன். அதாவது சுமார் 150 கிலோ. நனைந்த மண் கன மீட்டருக்கு ஏறக்குறைய 1,700 கிலோ. 24 சென்டிமீட்டர் சதுரம், 40 சென்டிமீட்டர் உயரமுள்ள வழக்கமான பையில் 20 லிட்டர் மண் போட்டால், நனைந்த பிறகு அது 34 கிலோ. சதுர மீட்டருக்கு ஐந்து பை வைத்தால் 170 கிலோ, எல்லை தாண்டியாச்சு. அதிலே தண்ணீர் ஊற்றுகிறவர் எடை சேரவில்லை. சிலர் பையெல்லாம் வேண்டாம் என்று கைப்பிடிச் சுவர் ஓரமாகச் செங்கல் கட்டி ஓரடி ஆழத்துக்கு மண் கொட்டிப் பாத்தி போடுகிறார்கள். அது சதுர மீட்டருக்கு 500 கிலோ! அதைத் தாங்கும்படி முதலிலேயே வடிவமைத்த கட்டடம் என்றால் சரி. இல்லையென்றால் தயவுசெய்து வேண்டாம். நார்க்கழிவு அதிகமாகச் சேர்த்த லேசான கலவை, நனைந்த நிலையிலும் செம்மண்ணின் பாதி எடைக்குப் பக்கத்தில்தான் நிற்கும். கலவை என்ற சொல்லுக்கு இப்படி இரண்டாவது பொருளும் உண்டு.

எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். நடு ஸ்லாபில் வைக்கும் ஒரு கிலோவும் பீமின் மேல் வைக்கும் ஒரு கிலோவும் ஒன்றல்ல என்பதை இந்த அரங்கத்தில் நான் விளக்க வேண்டியதில்லை. பைகளை பீம் போகும் வரிசையிலும் சுவர்களின் மேலும் நகர்த்தினோம். தரையில் படாமல் ஓரடி உயர இரும்பு ஸ்டாண்டுகளில் வைத்தோம். அடியில் துடைப்பம் போக வேண்டும், தண்ணீர் ஓட வேண்டும். பைகளின் எண்ணிக்கை அறுபதிலிருந்து நாற்பது ஆயிற்று. அந்த இருபதைக் கொடுக்க அவருக்கு மனசே இல்லை. எந்த இருபது என்று முடிவு செய்ய ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். டிரம் கீழே இறங்கியது. கறிவேப்பிலை இப்போது காம்பவுண்டுச் சுவரோரம் தரையில் நிற்கிறது, குடியிருப்பில் எல்லோரும் பறிக்கிறார்கள். அந்தத் தீர்மானத்தை ஒரு வருடம் தள்ளி வைத்தார்கள். அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

பால்கனியில் வைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கனமானதைச் சுவர்ப் பக்கம் வையுங்கள், கம்பி ஓரத்தில் வேண்டாம். கைப்பிடிச் சுவர் மேல் தொட்டி வைக்கவே வைக்காதீர்கள், கீழே ஆள் நடக்கிறார்கள். சுவர் வெடிப்பில் அரசங்கன்று முளைத்தால் அது தோட்டத்தில் சேராது. கையால் பிடுங்குகிற அளவில் இருக்கும்போதே பிடுங்கிவிடுங்கள்.

மற்ற சொற்களை வேகமாகச் சொல்கிறேன், செயலாளர் அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்.

'உரம்'. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து. உர மூட்டையில் 19:19:19 என்று மூன்று எண்கள் இருந்தால், அவை இந்த வரிசையில் இந்த மூன்றின் சதவீதம். தழைச்சத்து இலைக்கு, மணிச்சத்து வேருக்கும் பூவுக்கும், சாம்பல்சத்து காய்க்கும் பொதுவான தெம்புக்கும் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம், தொழு உரத்தில் ஏறக்குறைய அரை சதவீதம். ஐந்து கிராம் யூரியா, அதாவது ஒரு சின்ன ஸ்பூன், ஏறக்குறைய அரைக் கிலோ தொழு உரத்துக்குச் சமம். வயலில் கை தவறினால் மண் தாங்கும், பைக்குள் வேர் கருகிவிடும். இன்னொரு பக்கம், பையில் ஊற்றும் ஒவ்வொரு சொம்புத் தண்ணீரும் சத்தைக் கரைத்துக்கொண்டு அடி ஓட்டை வழியாகப் போகிறது. ஆகவே 'அடியுரம்' போட்டாச்சு, அறுவடை வரை கவலையில்லை என்பது தொட்டிக்குப் பொருந்தாது. கொஞ்சமாக, அடிக்கடி கொடுக்க வேண்டும்.

'மக்கியது' என்றால் கறுப்பாக, உதிரியாக, மழை பெய்த மண் வாசனையோடு இருக்க வேண்டும். எதிலிருந்து வந்தது என்று அடையாளம் தெரியக் கூடாது. காய்கறித் தோலை நேராகப் பையில் போடுவது உரமிடுதல் ஆகாது. அது மக்கும்போது சூடு உண்டாகும், செடிக்கு உள்ள தழைச்சத்தையும் நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும்.

'வெயில்'. முழு வெயில் என்றால் நேரடியாக ஆறு மணி நேரம். காய் காய்க்கும் செடிகளுக்கு அது வேண்டும், கீரைக்கு அதில் பாதி போதும். நிழல்வலையில் 50 சதவீதம் என்று எழுதியிருந்தால், பாதி வெளிச்சத்தைத் தடுக்கும் என்று அர்த்தம். 75 வாங்கினால் இன்னும் நல்லது என்று நினைத்துக் காய்கறிக்குப் போடாதீர்கள், செடி நெடுநெடுவென்று வளர்ந்து சும்மா நிற்கும். சித்திரையில் தக்காளிப் பூ கொட்டினால் மனசை விட்டுவிட வேண்டாம். பகல் வெயில் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் சூடு இறங்காவிட்டால் தக்காளி பிஞ்சு பிடிக்காது.

'நாற்று'. கத்தரி, தக்காளி, மிளகாய் இவற்றை நாற்று விட்டு எடுத்து நட வேண்டும். வெண்டை, கொத்தவரை, முள்ளங்கி, கீரை நேர் விதைப்பு. முள்ளங்கியை நாற்று விட்டுப் பிடுங்கி நட்டால் கிழங்கு கோணலாகப் போகும். 'வீரிய ஒட்டு' என்று பாக்கெட்டில் இருந்தால், அதன் காயிலிருந்து எடுக்கும் விதையில் அதே குணம் திரும்ப வராது. விதை சேர்த்து வைக்க ஆசையிருந்தால் நாட்டு விதை வாங்குங்கள். 'ஒட்டு' என்பது வேறு. ரோஜாவிலும் எலுமிச்சையிலும் ஒட்டுப் போட்ட இடத்துக்குக் கீழே துளிர் வந்தால் அது அடிச் செடியுடையது. ஆசையாக வளர்க்காமல் கிள்ளி எறியுங்கள். 'மூடாக்கு' என்றால் மண் மேல் காய்ந்த இலையைப் பரப்புவது. பையில் இரண்டு அங்குலம் போட்டாலே தண்ணீர்ச் செலவு குறைவது தெரியும்.

கடைசியாக 'பட்டம்'. மேடையில் கொடுக்கிறார்களே, அந்தப் பட்டம் இல்லை. (சிரிப்பு) விதைக்கும் பருவம். ஆடிப்பட்டம் எல்லோருக்கும் தெரியும். இப்போது தை மாதம், தைப்பட்டம் நடக்கிறது. சித்திரை வெயிலுக்கு முன் மூன்று மாதம் இருக்கிறது. முதல்முறை ஆரம்பிக்கிறவர்கள் தக்காளியில் ஆரம்பிக்க வேண்டாம், முளைக்கீரையில் ஆரம்பியுங்கள். ஒரு மாதத்துக்குள் சட்டிக்கு வந்துவிடும்.

ஹாஸ்டல் தம்பி தங்கைகள், எங்களுக்கு மாடி ஏது என்று கேட்பீர்கள். வெயில் வருகிற ஜன்னல் போதும். மெஸ்ஸில் அண்ணனிடம் கேட்டால் ஒரு கைப்பிடி வெந்தயம் கொடுப்பார். ராத்திரி ஊற வைத்து, காலையில் ஐஸ்கிரீம் டப்பாவில் கலவை நிரப்பித் தூவி, மேலே லேசாக மூடிவிடுங்கள். டப்பாவுக்கு அடியில் ஓட்டை போட மறக்க வேண்டாம். ஆழமில்லாத டப்பா, ஸ்பாஞ்ச் ஞாபகம் இருக்கட்டும், தூக்கிப் பார்த்துவிட்டுத் தண்ணீர் விடுங்கள். மூன்று வாரத்தில் வெந்தயக் கீரை. வார்டன் கேட்டால் என் பெயரைச் சொல்லிவிடாதீர்கள்.